இரண்டாவது வயர்

லைன்மேன் டெலிபோன் சாக்கெட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு வயர் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

நான் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

சமையலறையை இடித்துக் கட்டுகிறோம். புது மேடை ஜன்னல் வரை நீள்வதால், சாக்கெட் இருந்த இடத்துக்குக் கீழே அடுப்பு வந்துவிடுகிறது. சாக்கெட்டை நான்கு அடி தள்ளி, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அரை மணி நேர வேலைதான் என்று சொல்லி, என் கணவர் இன்று கடைக்குத் தாமதமாகப் போவதாக இருந்தார்.

"ஒண்ணு வெளியிலேருந்து வர்ற லைன். இன்னொண்ணு சுவத்துக்குள்ள போகுதே, எங்கம்மா போகுது?" என்றார் லைன்மேன்.

எனக்குத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீடு. முன்பு எல்லாம் ஒரே வீடு. ஏழு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது, வாசல் கதவு யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் வாய் தடித்து, பேச்சே நின்றுபோனது. எனக்கும் என் ஓரகத்திக்கும் பேசக் கூடாது என்று உத்தரவு. சமையலறையிலிருந்து அந்தப் பக்கம் போகும் வழியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். டெலிபோன் எங்கள் பங்குக்கு வந்தது. அவர்கள் அறையில் இருந்த இன்னொரு போனுக்குப் போகிற வயரை, பெரியவர்கள் நாலு பேர் பார்க்க, இவரே இந்த மூடியைத் திறந்து கத்தரிக்கோலால் வெட்டினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் நான் போனை எடுத்தால், உள்ளே யாரோ தும்மினார்கள்.

அப்படித் தும்ம என் ஓரகத்தி ஒருத்தியால்தான் முடியும். செத்த போன்தானே என்று ரிசீவரைத் தூக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாளாம்.

இவர் கோபத்தில் வேறெதையோ வெட்டியிருக்கிறார் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இவர் கைவேலை அப்படி. இவர் அடித்த அலமாரியில் டம்ளர் வைத்தால் தானாக நகரும். கேட்டால், தரை கோணல் என்பார்.

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு, இரண்டு ஆண்களும் வெளியே போன பிறகு, ஆளுக்கொரு பக்கம் ரிசீவரை எடுப்போம். ஏதாவது ஓர் எண்ணை அமுக்கினால், எடுத்ததும் காதில் கேட்கும் டயல் டோன் ரீங்காரம் அடங்கும். பதினைந்து விநாடி, மிஞ்சினால் இருபது. அதற்குள் பேசிவிட வேண்டும். பிறகு எங்கேஜ்டு சத்தம் வந்துவிடும். இருவரும் வைத்துவிட்டு மறுபடி எடுப்போம்.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா, கத்தப் போகுது!" என்பாள்.

ஒரு சேதிக்கு நாலு தவணை ஆகும். ஆனால் கைப்பேசி மாதிரி இதில் கூப்பிட்ட நம்பர் எதுவும் பதிவாகி நிற்காது. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவள் என்னைவிட நன்றாகத் திருப்புவாள். பதினொரு மணிக்கு அதையும் சொல்லிச் சிரிப்போம்.

போன வருஷம் கொழுந்தனாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியும் இப்படித்தான் வந்தது. அதை மட்டும் என்னால் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. காய்காரம்மா சொன்னாள் என்று, இவர் சாப்பிடும்போது மெல்லப் போட்டேன். இவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "காய்காரம்மா இன்னிக்கு வரலியா?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று கொழுந்தனாரை மறுபடியும் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று இன்று பதினொரு மணிக்குச் சொல்வாள்.

இப்போது மணி பத்தரை.

"வேண்டாத வயர்னா வெட்டிடவாண்ணே? இதையும் நாலடி இழுக்கணும்னா ரெட்டை வேலை" என்று லைன்மேன் இவரைப் பார்த்தார்.

இவர் புது டைல்ஸின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்று முணுமுணுத்தேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். இன்னொரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் ஏழு வருஷத்தையும் சொல்ல வேண்டும். நான் மேஜைமேல் படிந்திருந்த சிமெண்ட் தூசியைத் துடைக்கத் தொடங்கினேன்.

லைன்மேன் கட்டிங் பிளேயரை எடுத்தார். பிடித்து வெட்ட வசதியாக வயரைச் சுவருக்குள்ளிருந்து ஒரு சாண் வெளியே இழுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வயரின் நடுவில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, கட்டைவிரல் பருமனுக்கு ஓர் ஒட்டு.

"அட, இதை யாரோ ஒரு தடவை வெட்டிட்டு, அப்புறம் திரும்ப ஒட்டியிருக்காங்கம்மா!" லைன்மேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த மகராசன் பார்த்த வேலையோ! வயருக்குப் போய் பிளாஸ்திரியா? இதுல எப்படிண்ணே பேச்சு கேக்கும்? ஒரு வாரம் தாங்கியிருக்காது."

என் கணவரின் காது மடல் சிவந்தது.

"ஏன் கேக்காது? ஏழு வருஷத்துல ஒரு நாளாவது நின்னுச்சான்னு இவளைக் கேளுங்க" என்றார்.