வலது பக்கம் பிடிச்சிருக்கு

காரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பெரியவர் காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் மாட்டிய பலகை, எண்ணெய் துடைத்த தரை, கழிவறைக் கதவு வரைக்கும் அந்தக் கண் போய் வந்தது.

மெக்கானிக் ஓரக்கண்ணால் அவரையே நோட்டம் விட்டான். டாக்ஸி கம்பெனி தன் வண்டிகளையெல்லாம் ஒரே பட்டறைக்குக் கொடுக்கப் போகிறது. அதற்கு முன் வாடிக்கையாளர் மாதிரி ஆள் அனுப்பி ஆழம் பார்க்கிறது என்று பட்டறைக்காரர்களிடையே பேச்சு. அந்த வேலை கிடைக்காவிட்டால் கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

வந்திருப்பது அந்த ஆள்தான், சந்தேகமே இல்லை. காலையில் அம்மா வேறு, "இன்னிக்காவது நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போடா"ன்னு தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டானா? கிரீஸ் அப்பிய சட்டையோடு வந்து நிற்கிறான்.

"கடை சொந்தமா, வாடகையா தம்பி?"

"வாடகை சார்."

"சாயங்காலம் சாத்திட்டு எங்க போவீங்க?"

உமக்கு எதுக்கய்யா அதெல்லாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். "நேரா வீடுதான் சார்."

பெரியவரோடு வந்தவள் அவர் மகளாம். ஓரமாக நின்று, அவன் செய்வதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மகளாவது ஒண்ணாவது, இவளும் கம்பெனி ஆளாகத்தான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

முன்சக்கரத்தைத் தொட்டான், சுட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால், நகருவேனா என்றது.

"வலது பக்கம் பிடிச்சிருக்கு சார். பிரேக் பெடல்லேர்ந்து காலை எடுத்தாலும் காலிப்பர், அதான் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வுற பாகம், பிடியை விடமாட்டேங்குது."

"அப்ப அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடுவீங்களா?"

ஆகா, வலை விரிக்கிறார்! வேறு நாளாக இருந்தால், "மாட்டிடலாம் சார்" என்று பல்லைக் காட்டியிருப்பான். புதுசு மாட்டுவது நோகாத வேலை, லாபமும் கூட. இன்று காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிஸ்டன்ல துரு இல்ல, கீறலும் இல்ல. உள்ள இருக்கிற ரப்பர்தான் ஊதிப் போயிருக்கு. அதை மாத்தினாப் போதும் சார், புதுசு வேணாம்."

"துரு இருந்திருந்தா?"

"புதுசுதான் போடணும்னு சொல்லியிருப்பேன். பிரேக் விஷயத்துல விளையாட முடியுமா சார்?"

பெரியவர் மகளைப் பார்த்தார். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். என்னவோ ஜாடை! மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது.

ரப்பரை மாற்றி, மாட்டி, பிரேக் ஆயிலில் இருந்த காற்றை வெளியேற்றி, இருவரையும் உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மிதித்த இடத்தில் நின்றது வண்டி. இறங்கிப்போய்ச் சக்கரத்தைத் தொட்டான், சுடவில்லை. அப்பாடா!

பெரியவரும் இறங்கி, பின்சீட்டு ஜன்னலோரம் குனிந்தார். "என்னம்மா சொல்றே?"

"பிடிச்சிருக்குப்பா."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. போச்சு, டாக்ஸி கம்பெனியும் போச்சு, கடையும் போச்சு!

"மறுபடியும் பிடிச்சிருக்கா? இருக்காதுங்களே! எந்தப் பக்கம்?" என்று பதறியபடி ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

பெரியவர் அவன் தோளில் கை போட்டு நிறுத்தினார்.

"அவ காரைச் சொல்லல, மாப்பிள்ளை!"