தொட்டில் அறைப் படம்

வீட்டு அறைகளைப் படமெடுத்து இணையத்தில் விற்பது அவர் தொழில். தன் குழந்தையின் தொட்டில் அறையை எடுத்து அனுப்பிய படம், வெளிச்சம் குறைந்தால் படத்தில் விழும் மணல் போன்ற புள்ளிகள் நிழலில் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டது. காலையில் கணினிமுன் உட்கார்ந்து அவற்றை நீக்கினார். சுவரும் தரையும் சுத்தமாகின. அலமாரி ஓரத்துப் புள்ளிகள் மட்டும் அழியாமல் ஒன்றுகூடின.

எட்டிப் பார்த்த மனைவி, "யாருங்க அது?" என்றாள்.

"யாருமில்ல, வெறும் நிழல்."

"நிழலுக்குக் கண்ணு இருக்குமா?"

அவர் கேமராவை எடுத்தார். தொட்டில் அறைக்கு ஓடினார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அலமாரி ஓரம் காலியாக இருந்தது. திரைச்சீலையை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் மறுபடி எடுத்துவந்து பார்த்தார். படம் பளிங்கு மாதிரி இருந்தது. அலமாரி ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"தொட்டிலப் பாருங்க," என்றாள் மனைவி.

தொட்டிலுக்கு மேலே மட்டும், ஓர் ஆள் குனிந்து நிற்கிற வடிவத்தில் புள்ளிகள் மொய்த்திருந்தன.

அவள் ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் நின்று அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"எங்கள ஒரு படம் எடுத்துப் பாருங்க," என்றாள்.

அவர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தத்தான் தைரியம் வரவில்லை.