ஏறட்டும்
ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதியில் மைதானத்து வெயிலே மங்கிப்போகிறது. அதை ஓட்டும் கூலிப்படைக்காரன் கண்ணாடி வழியே பார்க்கிறான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒரு நர்ஸ், காலில் கட்டுப்போட்ட நோயாளியைத் தோளில் தாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வருகிறாள். மதிலுக்கு அப்பால் துப்பாக்கிச் சத்தம் நெருங்கிக்கொண்டே வருகிறது. "தூக்குடா மேல!" என்று பின்னாலிருந்து தலைவன் கத்துகிறான். முன்பு எரிகிற வண்டியிலிருந்து இவனை முதுகில் சுமந்து வந்தவன் அவன். அவன் சொல்லை இவன் தட்டியதே இல்லை. "அவங்க ஏறட்டும்ணே." பிடரியில் துப்பாக்கி முனை அழுந்துகிறது. இவன் கைப்பிடியை அசைக்காமல் பிடித்திருக்கிறான். "என்னைச் சுட்டுட்டா யாருண்ணே ஓட்டுவா?" தலைவன் பல்லைக் கடிக்கிறான். மறுகணம் தோட்டாப் பெட்டிகளை வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு, கதவோரம் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் நீட்டுகிறான். "ஓடி வாம்மா, சீக்கிரம்!"