இரண்டாவது நட்சத்திரம்
ஞாயிறு மதியம், ஆவடி குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வெயில் அசையாமல் கிடக்கிறது. வாரமெல்லாம் தொழிற்சாலையில் பற்சக்கரங்களில் விரிசல் தேடிச் சலித்த பாஸ்கல், வலக்கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஓர் ஐம்பது காசைப் பார்க்கிறார். ஆண்டுக்குக் கீழே, ஐதராபாத் நாணயச்சாலையின் முத்திரையான நட்சத்திரம். அதன் வலது ஓரத்தில் மங்கலாக இன்னொன்று. அச்சில் முத்திரையைத் தவறி இரண்டு தரம் அடித்துவிட்ட அபூர்வக் காசு, தன் சேகரிப்புக்காகப் பத்து வருஷமாகத் தேடியது. “நாளிக்கு ஃபேக்டரில கண்ணு டெஸ்ட்டு. இன்னிக்காவது ரெஸ்ட்டு குடுங்களேன்,” என்கிறாள் மனைவி ஜெயசீலி, துணி மடித்தபடி. சந்தேகம் தீர, அவர் காசைத் தலைகீழாகத் திருப்புகிறார். காசில் இருப்பதென்றால் இரண்டாவது நட்சத்திரமும் கூடவே சுற்றி இடப்பக்கம் வரவேண்டும். வரவில்லை, வலப்பக்கமே நிற்கிறது. இன்னொரு தரம் திருப்புகிறார், கண்ணிலிருக்கும் லென்ஸையும் சுழற்றிப் பார்க்கிறார். அங்கேயேதான். “அப்டி இன்னாதான் கீது அந்தக் காசுல?” “காசுல ஒண்ணும் இல்ல,” என்கிறார் பாஸ்கல், லென்ஸைக் கழற்றாமல்.