ஐந்து மணித் தபால்

தேவநேசன் கவரின் ஓரத்தை நாக்கில் வைத்து ஈரம் பண்ணுவதற்குள் ஜெயலீலா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

மில்பிடாஸ் போஸ்ட் ஆபீஸ் வாசலில் அவர்களுடைய பழைய டாட்சன் கார் நின்றிருந்தது. மணி நாலே முக்கால். ஐந்துக்குள் கவரில் இன்றைய முத்திரை விழாவிட்டால் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு இந்த வருஷ அட்மிஷன் போயிற்று.

"கொடு லீலா. டைம் இல்லை."

"கொடுக்க மாட்டேன். டாக்டருக்குப் படிச்சுட்டு, இங்க வந்து இன்னொரு டாக்டருக்கு அசிஸ்டென்டா? கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்கு முன்னாடி எங்கப்பா என்ன போட்டார்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றான் தேவநேசன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பதில் இவன் அண்ணன் ஸ்பான்சர் பண்ணி இருவரும் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். ஐந்து வருஷமாக இவனும் டாக்டர் லைசென்ஸ் எக்ஸாமுக்குப் படிக்கிறான், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகிறான், தொங்கிய முகத்தோடு திரும்பி வருகிறான். கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் மைக்ராஸ்கோப் மேல் குனிந்து குனிந்து அவள் கண்ணெல்லாம் எரிகிறது.

நாலு எக்ஸாமுக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாச ஜெபம் இருந்தாள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஐசக் அங்கிள் தொடங்கி அத்தனை பேரும் "டாக்டர் தம்பிக்காக" முழங்கால் போட்டார்கள். கர்த்தர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரிசல்ட் லெட்டரைக் காட்டு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏற்கெனவே நொந்து கிடப்பவனை எதற்கு மேலும் நோகடிப்பது?

"இன்னும் ஒரே ஒரு தடவை எழுதுங்க. நான் ஓவர்டைம் பார்க்கிறேன். நீங்க வேலையை விட்டுட்டு உட்கார்ந்து படிங்க."

"என்னால முடியாது லீலா."

"ஏன் முடியாது? பயமா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த சுவரையே பார்த்தான்.

"நேத்து நர்சிங் ஹோம்ல ஒரு தாத்தாவுக்கு பெட்ஷீட் மாத்திட்டிருந்தேன். அவர் மூச்சு விடற சத்தத்துலயே நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சுது. நர்ஸ்கிட்ட ஓடிப்போய் சொன்னேன். உன் வேலை பெட்ஷீட் மாத்தறது, அதைப் பாருன்னுட்டா. இன்னிக்குக் காலையில போனா கட்டில் காலி."

ஜெயலீலா கவரை மெல்ல மடியில் இறக்கினாள்.

"ரெண்டே வருஷம். இதை முடிச்சா ஒரு பேஷண்ட்டைத் தொட்டுப் பார்க்கலாம். நான் சொல்றதை நாலு பேர் கேப்பாங்க. எனக்கு வேற வழியே இல்லை லீலா. சத்தியமா இல்லை."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை.

அவளுடைய கோபமெல்லாம் வந்த வழியே போயிற்று. என்ன பெரிய பத்திரிகை, என்ன பெரிய கௌரவம்! இந்த மனுஷன் இடிந்துபோகாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

"சரி, போடுங்க. அழாதீங்க" என்றாள். "இருங்க, ஒரு தடவை செக் பண்ணிடறேன்."

கம்பெனியில் அவள் வேலையே அதுதான், குறை கண்டுபிடிப்பது. விண்ணப்பத்தை வெளியே எடுத்து வேகமாகப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இதென்னங்க? மெட்ராஸ் மெடிக்கல் படிப்பு வருஷமெல்லாம் இருக்கு. டிகிரின்னு கேட்ட இடம் காலியா இருக்கே?"

"டாக்டர்னு தெரிஞ்சா ஓவர் குவாலிஃபைட்னு தள்ளிடுவாங்க. அப்படியே இருக்கட்டும். கவரை ஒட்டு."

"நல்லாயிருக்கு நியாயம்! அசிஸ்டென்டா வேணா இருங்க. ஆனா யாரை வெச்சு வேலை வாங்கறோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அழியாத கறுப்பு மை. தாளை மடிமேல் வைத்து, அந்தக் கட்டத்தில் அழகாக எம் என்று ஆரம்பித்தாள்.

அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேண்டாம்! எழுதாதே லீலா!"

"விடுங்க, மணியாகுது. உள்ளதைத்தானே எழுதறேன்?"

அவன் பிடியை விடவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் எம்.பி.பி.எஸ். பாஸே பண்ணலை, லீலா."