தானாக மாறிய பட்டியல்

வாசலில் ஒட்டிய பட்டியலில் மூலைக் கடை பொத்தான் வியாபாரிக்கு. கணினித் திரையில் அதே கடை பாத்திரக்காரருக்கு.

வியாபாரிகள் சங்க அறையில் மூச்சுவிட இடமில்லை. புதுச் சந்தைக் கட்டடத்துக் கடைகளுக்கு, நேற்றுத் தனியாக உட்கார்ந்து கணினி அட்டவணையில் குலுக்கல் போட்டு அச்செடுத்தவர் செயலாளர். இன்று எல்லோர் கண்ணும் அவர் மேல். எடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கிற கண்.

மூலைக் கடை என்றால் சும்மாவா? இரண்டு பக்கமும் வாசல். எந்தப் பக்கம் போகிறவனும் சிக்குவான்.

"கம்ப்யூட்டர்ல என் பேரு, காகிதத்துல அவர் பேரு. நடுவுல யாரு அண்ணே கை வெச்சது?" என்றார் பாத்திரக்காரர்.

யாரோ ஓடிப்போய்க் கணினி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள்.

வந்தவன், அட்டவணையின் ஓரத்தில் ஒரு காலிக் கட்டத்தில் ஏதோ ஓர் எழுத்தைத் தட்டினான். மூலைக் கடை வளையல்காரிக்குப் போனது. இன்னோர் எழுத்து. செருப்புக் கடைக்காரருக்குப் போனது.

"யாரும் கை வைக்கல. இந்த ஃபார்முலா அப்படித்தான். ஃபைலைத் திறந்தாலும் குலுக்கும், எங்க எதைத் தட்டினாலும் குலுக்கும். வேணும்னா எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை குலுக்கிடலாம்."

அறை கலகலத்தது. பாத்திரக்காரர் அசடு வழியச் செயலாளரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"இன்னொரு தடவை எதுக்கு?" பின்னாலிருந்து ஒரு குரல். செயலாளரின் மனைவி. மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் போட்டு, மழை வந்தால் ஊரார் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவள். "கட்டின பொண்டாட்டிக்கே கக்கூஸ் பக்கத்துக் கடையைக் குடுத்த மனுஷன்யா இவரு. இவரா ஏமாத்துவாரு? ஒட்டினதே இருக்கட்டும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒட்டினதே இருக்கட்டும் என்று முடிவானது.

செயலாளர் தலை நிமிரவில்லை.

நேற்று, முதல் குலுக்கலிலேயே, மூலைக் கடை அவளுக்குத்தான் விழுந்தது.

நேர்மையாகத்தான் விழுந்தது. ஆனால் யார் நம்புவார்கள்? காலிக் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினார். அவளுக்கு நடு வரிசைக் கடை வந்தது. அதுவும் நல்ல கடைதான், பேச்சு வரும்.

சந்தையிலேயே எவனும் சீந்தாத கடை அவள் பெயருக்கு வரும்வரை, தட்டிக்கொண்டே இருந்தார்.