மணிக்கு எழுபத்தைந்து

டீ இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது.

படித்தாள்.

மறுபடி படிப்பதற்குள் மறைந்துவிட்டது. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் போனில் நின்றது. முதலாளிக்கு அனுப்ப வேண்டியதைப் பாட்டு ஏஜென்ட் அவளுக்கு அனுப்பிவிட்டான்.

ஒரு தடவை படித்ததே போதும்.

‘நான்காவது லைனில் பாட்டின் வேகத்தைக் கூட்டியதில் மூன்றே மாதத்தில் மணிக்கு அறுபது பீஸ் எழுபத்தைந்தாகிவிட்டது. யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.’

பிளேலிஸ்ட் அவளுடையது.

ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பனியனுக்குத் தோள் சேர்க்கிற நேரத்துக்கென்று அவளே கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு கண் சொருகும்போது எந்தப் பாட்டு, சூப்பர்வைசர் திட்டிவிட்டுப் போன பிறகு எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரியும். முதலில் அவள் தைக்கிற இந்த நான்காவது லைன் கேட்டது. பிறகு ஹாலில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டார்கள். பிறகு திருப்பூரில் எந்தெந்தக் கம்பெனியிலோ கேட்டார்கள். இருபத்தோராயிரம் பேர்.

அப்போதுதான் அந்த ஏஜென்ட் வந்தான். பிளேலிஸ்டில் பாட்டுக்கு இடம் கொடுத்தால் காசு கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான் என்றான். வாரத்துக்கு நான்கு பாட்டு அனுப்புவான். பழையதில் நான்கை எடுத்துவிட்டு இவற்றை வைக்க வேண்டும். மாதம் ஆறாயிரம்.

ரசனைக்குக் கூலி என்று நினைத்தாள். மடச்சி.

ஏன் எல்லாமே குத்துப்பாட்டாக வருகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

முதல் மாதக் காசில் லைன் முழுக்க முட்டை பப்ஸ் வாங்கிக்கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் சும்மா என்றாள்.

பக்கத்து மிஷினில் மயிலாத்தாள் அக்கா மணிக்கட்டில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் ஊசி ஏறிய விரல் இன்னும் வீங்கித்தான் இருந்தது. எதிர் வரிசையில் ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் தொங்கிய பலகையில் அறுபதை அழித்த சுவடு தெரிந்தது. அதன் மேல் எழுபத்தைந்து. கூலி மட்டும் அதே ஷிப்டுக் கூலி.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறாள். இவள் காசு வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறாள், பக்கத்து மிஷினுக்கும் சேர்த்து.

அவன் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம். போனில் பிளேலிஸ்டைத் திறந்தாள்.

அவன் கொடுத்த நாற்பத்தெட்டுப் பாட்டையும் தூக்கினாள். ஒன்றுவிடாமல். ஆறாயிரம் நாசமாய்ப் போகட்டும். தூக்கி எறிந்திருந்த பழைய பாட்டுகளைத் தேடித் தேடித் திரும்ப வைத்தாள். எல்லாவற்றுக்கும் முதலில், இருப்பதிலேயே மெதுவானதை.

பெல் அடித்தது.

ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

அவள் கால்களைப் பார்த்தாள். வரிசையாக இருபத்திரண்டு பேரின் கால்கள்.

ஒன்றுகூட வேகம் குறையவில்லை.

பாட்டு ஒரு பக்கம் போயிற்று. பெடல்கள் ஒரு பக்கம் போயின. துணி முன்பு போலவே பறந்தது. மூன்று மாதமாகக் கற்றுக்கொண்டதைக் கைகள் விடுவதாக இல்லை. குனிந்து பார்த்தாள். அவளுடைய காலும் அதே வேகத்தில்தான் மிதித்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் வந்தார். ஸ்பீக்கரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பாட்டு மாறவில்லை என்றதும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

மிஷின் சத்தம் மட்டும்.

மயிலாத்தாள் அக்கா அவள் பக்கம் சாய்ந்தாள்.

“அது நின்னா நின்னுட்டுப் போவுது, உடு புள்ள. நாமளே பாடிக்கலாம். உன்ற பாட்டு மட்டும் இல்லீன்னா இந்த எழுவத்தஞ்ச இங்க ஒருத்தியும் தொட்டிருக்க மாட்டோம்.”

சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

அவன் அனுப்பியதில் ஒன்று. வரி பிசகவில்லை. வேகமும் பிசகவில்லை. எதிர் வரிசை சேர்ந்துகொண்டது. பிறகு லைன் முழுவதும். துணி சுற்றிய மணிக்கட்டு தாளத்துக்குச் சரியாகத் திரும்பித் திரும்பி வந்தது. சிரித்துக்கொண்டே பாடினார்கள், பாவிகள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பப்ஸ் வாங்கிய காசு எது என்றும் சொல்ல வேண்டும்.

சரணத்தில் மயிலாத்தாள் அக்காவுக்கு வரி மறந்துவிட்டது. அடுத்தவளுக்கும் தெரியவில்லை. பாட்டு நின்றது. மிஷின்கள் நிற்கவில்லை.

அத்தனை பேரும் தைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுக்க அவள் இருக்கிறாள் அல்லவா.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

வாயைத் திறந்தாள்.